சொந்த மெயில் சர்வரா, சொந்த டொமைன் மட்டும் போதுமா?

மன்னார்குடியில் வீட்டு மாடியில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் என்ற மெயில் மென்பொருள்களைப் போட்டு மெயில் சர்வர் நடத்த முடியுமா என்றால், முடியும். நடத்தியிருக்கிறேன். இப்போது டொமைனை (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரை) மட்டும் என் பெயரில் வைத்துக்கொண்டு, மெயில் பெட்டிக்கு வருடச் சந்தா கட்டுகிறேன். என் ஓட்டு இதற்குத்தான்.

எல்லோரும் முதலில் கேட்பது கரண்டைப் பற்றி. ஒரு பகல் முழுக்க கரண்ட் போனாலும் மெயில் தொலையாது, அனுப்பும் சர்வர் நாலைந்து நாள் வரை மறுபடி மறுபடி முயன்று பார்ப்பதுதான் வழக்கம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது போல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தால் அதுவும் உதவாது, அது வேறு. இரண்டு வழிக்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை.

சிக்கல் மெயில் வருவதில் இல்லை, போவதில். வீட்டு பிராட்பேண்டில், மெயில் சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுக்கும் வாசலான 25ஆம் போர்ட்டைப் பெரும்பாலும் அடைத்தே வைத்திருப்பார்கள். திறந்திருந்தாலும், வீட்டு இணைப்பு ஐபிகளை (இணைய முகவரி எண்களை) ஸ்பாம்ஹாஸ் என்ற ஸ்பாம் தடுப்பு அமைப்பு தனிப் பட்டியலாகவே போட்டு வைத்திருக்கிறது, அதைப் பார்த்து வாசலிலேயே திருப்பி அனுப்புகிற சர்வர்கள் நிறைய. சரி, வெளியே விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுக்கலாம், அங்கே ஐபிக்கு உரிய பெயரைக் காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதே ஐபியில் நமக்கு முன்னால் இருந்தவர் என்னத்தை அனுப்பித் தொலைத்தாரோ! 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்ப எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (மெயில் நிஜமாகவே நம் டொமைனுடையதுதான் என்று காட்டும் ஏற்பாடுகள்) கட்டாயம். நான் இரண்டையும் போட்டு, அந்தச் சோதனையில் தோற்கும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் சேர்த்தேன். 550 (ஏற்க மறுப்பு) என்று திரும்பி வந்தாலாவது காரணம் எழுதியிருக்கும், படித்துச் சரிசெய்யலாம். என் சர்வர் லாகிலோ '250 ஓகே' (ஏற்றுக்கொண்டாயிற்று) என்று சமர்த்தாக இருக்கும், மெயில் அங்கே ஸ்பாமில் கிடக்கும். திருவாரூரில் ஒரு வக்கீலுக்குப் பத்திர நகல் அனுப்பிவிட்டு, "வரலையே தம்பி" என்று அவர் சொல்ல, "ஸ்பாம்ல பாருங்க சார்" என்று நான் சொல்ல, இப்படி எத்தனை பேரிடம் சொல்வது?

வீட்டு சர்வரில் கடிதங்கள் நம் வட்டிலேயே இருக்கும், அந்த நிம்மதி சந்தாவில் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். அதை விட மனமில்லாதவர்கள் வரும் மெயிலை வீட்டில் வாங்கிக்கொண்டு, போகும் மெயிலை மட்டும் நமக்காக அனுப்பித் தரும் ஒரு ரிலே சேவை வழியாக அனுப்பலாம். நான் பார்த்தது ஒரு குடும்பத்தின் மெயில் மட்டும்தான், ஐம்பது பேர் அலுவலகத்துக்குக் கணக்கு மாறலாம்.

சந்தா இடம் பிடிக்கவில்லையா, பழைய மெயிலை ஐமேப் (சர்வரிலிருந்து மெயிலைப் படிக்கும் முறை) வழியாக நகலெடுத்துக்கொண்டு, மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவையும், கூடவே எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளையும் மாற்றினால் போதும், முகவரி அப்படியே இருக்கும். எல்லாம் டொமைனில்தான் தொங்குகிறது, அதனால் அதற்கு ஆட்டோ ரினியூவல் போட்டு வையுங்கள். அப்புறம், டொமைன் வாங்கிய கணக்குக்கு மீட்பு முகவரியாக அதே டொமைன் மெயிலைக் கொடுக்காதீர்கள்.