சினோலஜி டி.எஸ்.423 பிளஸ்: யாழ்ப்பாணத்து ஸ்டூடியோவுக்குச் சரிவருமா?

கலியாண வீடியோ குவியும் ஸ்டூடியோவுக்கு லான் வயரால் கம்ப்யூட்டர்கள் பகிர்ந்து பாவிக்கும் இந்த நாலு டிஸ்க் சேமிப்புப் பெட்டி தாராளம். 4 டெராபைட் டிஸ்க் நாலைப் போட்டு ரெய்ட் 5 (எல்லா டிஸ்க்கிலும் ஃபைல்களைப் பரப்பி, ஒரு டிஸ்க் அளவு இடத்தைப் பாரிட்டி என்ற மீட்புக் கணக்குக்கு ஒதுக்கும் முறை) அமைத்தால் ஏறக்குறைய 12 டெராபைட் தேறும். ஒரு டிஸ்க் செத்தாலும் ஃபைல்கள் திறக்கும். மீட்புக் கணக்கே இல்லாமல் பரப்பும் ரெய்ட் 0 பக்கமே போகவேண்டாம். வேகம்தான், ஆனால் ஒன்று போனால் எல்லாம் போச்சு.

குறை லான் போர்ட்டில். உள்ளே நாலும் சேர்ந்து ஓடினாலும், 1 கிகாபிட் வயரில் விநாடிக்கு சுமார் 110 மெகாபைட்தான் வரும். இந்த விலைக்கு இது கஞ்சத்தனம்.

கஸ்தூரியார் வீதியில் டிஸ்க் வாங்கினாலும் கொழும்பில் எடுப்பித்தாலும் சி.எம்.ஆர். (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத டிஸ்க்) என்று கேட்டு வாங்குங்கள். டபிள்யூ.டி. கம்பனியின் ரெட் டிஸ்க் வேறு, ரெட் பிளஸ் வேறு. வெறும் ரெட் எஸ்.எம்.ஆர்.; ஓடு வேய்ந்ததுபோல் தடத்தின்மேல் தடம். செத்த டிஸ்க்கை மாற்றி, அதிலிருந்ததைப் புதியதில் திரும்பக் கட்டும் ரீபில்ட் செய்யும்போது இழுத்தடிக்கும், அதற்குள் இன்னொன்றும் போனால் கதை முடிந்தது.

எழுதும் நடுவில் கரண்ட் நின்றால் பாரிட்டி பொருந்தாமல் போகலாம். யூ.எஸ்.பி. வயரால் பெட்டியோடு பேசும் யூ.பி.எஸ். வையுங்கள், பெட்டி தானே ஒழுங்காக ஷட்டவுன் ஆகும். கைதவறி அழித்ததை ரெய்ட் திருப்பித் தராது. எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில் ஒரு பிரதி வேறு வீட்டு அலுமாரியில் இருக்கட்டும்.