டான்சில் எடுத்தபின் ரத்தக்கசிவு: கத்தியா மெஷினா, பனடோலா போன்ஸ்டனா, தோட்டமா டவுனா?

டான்சில் எடுக்கத் தேதி கிடைத்ததும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் முதலில் எழும் கேள்வி, "கத்தியா, மெஷினா (மின்சூட்டுக் கருவி)?" என்பதுதான். அதைப் பெரும்பாலும் மருத்துவர்தான் முடிவு செய்வார். வலிக்கு என்ன கொடுப்பது, அறுவைக்குப் பின் வரும் பத்து நாள் எங்கே தங்குவது என்ற இரண்டும்தான் குடும்பத்தின் கையில் இருக்கின்றன.

கத்தியும் மெஷினும்

இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003-04இல் 33,921 பேரைக் கவனித்த கணக்கெடுப்பில் நூற்றுக்கு 3.5 பேருக்கு ரத்தம் கசிந்தது. மறுபடி அறுவை அறைக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவு. கத்தியால் பிரித்து நூலால் கட்டியவர்களைவிட, மின்சூட்டால் வெட்டி எடுத்தவர்களுக்குக் கசிவு ஏறக்குறைய மூன்று மடங்கு. சூடு சுற்றியுள்ள சதையையும் கருக்குகிறது. அந்தப் பொருக்கு சில நாள் கழித்து உதிரும்போது அடியிலுள்ள நாளம் திறந்துகொள்ளலாம்.

அதற்காக மெஷினை ஒதுக்கிவிட முடியாது. மேசையில் ரத்தம் குறைவாகப் போகும். 20 கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டர்தான். குறட்டைக்காக மட்டும் என்றால் மூன்றாவது வழி உண்டு: டான்சிலின் உறையை விட்டுவிட்டு உள்சதையை மட்டும் எடுப்பது. தசை மூடியே இருப்பதால் வலியும் கசிவும் குறைவு. மிஞ்சிய சதை சிலருக்கு மீண்டும் வளரும், அவ்வளவே.

கருவியைவிட ஆளே முக்கியம். பெரியவர்களுக்குச் சிறுபிள்ளைகளைவிடக் கசிவு அதிகம். டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டியவர்களுக்குக் குறட்டைக்காரர்களைவிட அதிகம். பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காதது, சும்மா சும்மா கன்றிப்போவது, பெண்களுக்கு மாதவிடாய் மிகுதி, குடும்பத்தில் ரத்த உறைவுக் கோளாறு ஆகியவற்றை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.

வலிமருந்து

முதல் இடம் பாராசிட்டமோலுக்கு (பனடோல்). ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணிக்கு ஒருதரம், நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். 20 கிலோ பிள்ளைக்கு 300 மில்லிகிராம். இங்கேதான் தவறு நடக்கிறது: கடையில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரண்டு சிரப் கிடைக்கும். முதலாவதில் 12.5 மில்லி, இரண்டாவதில் 6 மில்லி. போத்தல் மாறினால் பிள்ளை வலியில் துடிக்கும், இல்லாவிட்டால் அளவு இரட்டிக்கும். சமையல் கரண்டி வேண்டாம், சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

ஐபுபுரோஃபன் வலியை நன்றாகவே அடக்கும். 2019இல் வெளியான 741 பிள்ளைகள் பங்கேற்ற ஆய்வில், கசிவுக்காக மறுபடி அறுவை அறைக்குப் போனவர்கள் பாராசிட்டமோல் தரப்பில் 1.2 விழுக்காடு, ஐபுபுரோஃபன் தரப்பில் 2.9. வேறுபாடு உறுதியாக நிரூபணமாகவில்லை. ஆபத்து இல்லையென்றும் சொல்ல முடியவில்லை. அறுவை செய்த மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் கொடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் போன்ஸ்டன் வலிமருந்தும் இதே வகைதான், அதை நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினுக்குப் பேச்சே இல்லை: அது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது, புதியவை வர வாரத்துக்கு மேல் ஆகும். இதயத்துக்குக் கார்டிபிரின் (இதுவும் ஆஸ்பிரின்தான்) சாப்பிடும் பெரியவர்கள் அறுவைக்கு முன்பே கேட்க வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது.

வலி அடங்கினால்தான் பிள்ளை தண்ணீர் குடிக்கும். காய்ந்த தொண்டைதான் வெடிக்கும். பண்டோங், சிவப்புச் சிரப் போன்ற சிவப்பு பானங்கள் மட்டும் கூடாது, துப்பினால் ரத்தமா பானமா என்று யாருக்கும் தெரியாது.

லயமா, டவுனா?

முதல் 24 மணி நேரத்துக் கசிவை வார்டிலேயே பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் வருவது இரண்டாம் வகை, பெரும்பாலும் 5 முதல் 10 நாளுக்குள். பிள்ளை தேறி ஓடியாடத் தொடங்கும் நேரமும் அதுதான். தொண்டையில் அப்போது தெரியும் வெள்ளைப் படலம் சீழ் அல்ல, சுரண்டாதீர்கள்.

தோட்டத்து உட்பகுதியில் இரவு இரண்டு மணிக்குச் செம்மண் பாதையைத் தாண்டி வண்டி பிடிக்க வேண்டும். சுங்கை சிப்புட் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நரம்பூசி ஏற்றி நிலைப்படுத்தலாம். டான்சில் கசிவை நிறுத்தும் நிபுணர்கள் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில். ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையாவது டவுனில் அத்தை வீடோ மாமா வீடோ இருந்தால் அங்கே தங்குவதே என் தேர்வு. லயத்தில்தான் (தோட்டத்து வரிசை வீடு) இருக்க வேண்டுமென்றால் எண்ணெய் நிரப்பிய வண்டியும் ஓட்டத் தெரிந்த ஆளும் இரவிலும் வீட்டில் இருக்கட்டும்.

தூங்கும் பிள்ளை அடிக்கடி மடக் மடக்கென்று விழுங்கினால் எழுப்பி, டார்ச் அடித்துப் பாருங்கள். ரத்தம் தெரிந்தால் முன்னால் சாய்த்து உட்கார வைத்துத் துப்பச் சொல்லுங்கள், படுக்க வைக்காதீர்கள். மயக்கம் கொடுக்க நேரலாம் என்பதால் சாப்பாடு வேண்டாம். 999ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். ஒரு கரண்டி ரத்தம் வந்து தானே நின்றாலும் போங்கள். பெரிய கசிவு அதற்குப் பின்னால் வரலாம்.