சினைப்பூனைக்குப் பெட்டி: கடையில் விற்பதா, அட்டைப்பெட்டியா?

பூனைக்குச் சினை பெரும்பாலும் 63 முதல் 67 நாள். கூடிய தேதி தெரியாத வீடுகளில், காம்புகள் சிவந்து தடிக்க ஆரம்பித்த நாளை மூன்றாவது வாரம் என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். 55-ஆம் நாளுக்குள் குட்டி போடும் பெட்டி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஒரு வாரமாவது அதில் ஏறி இறங்கி, தன் வாசனையைப் பூசினால்தான் பூனை அதைத் தன் இடமாக ஏற்கும். கடைசி இரண்டு நாளில் வாங்கி வைக்கிற பெட்டி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பூனை பீரோவுக்கும் பரணுக்கும்தான் போகும்.

பெங்களூரில் எந்த பெட் ஷாப்புக்குப் போனாலும், ஆன்லைனில் தேடினாலும் இதற்கென்று நான்கு வகைப் பொருள் காட்டுவார்கள்: குகை போன்ற துணிப்படுக்கை, ஜிப் வைத்த மடக்குக் கூடாரம், கம்பிக் கூண்டு, பிளாஸ்டிக் கேரியர். இவற்றோடு பழைய பேப்பர் கடையில் கிடைக்கும் அட்டைப்பெட்டியையும் வைத்துப் பார்த்தால், பிரசவத்துக்கு அட்டைப்பெட்டியே முதலிடம். மிச்சமாகும் பணம் தீனிக்கும் தராசுக்கும் எக்ஸ்ரேவுக்கும் போகட்டும்.

துணிக்குகைதான் அதிகம் விற்கிறது. பூனைக்கும் பிடிக்கும், உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். ஆனால் பிரசவத்துக்கு ஆகாது. முதல் காரணம், அதன் அடிப்பாகம் கிண்ணம் மாதிரிக் குழிந்திருக்கும். 100 கிராம் குட்டி வழுக்கி அந்தக் குழிக்கு நடுவில் போய்விடும். அங்கேதான் நாலு கிலோ தாயும் படுக்கும். அடியில் மாட்டிய குட்டி கத்தினாலும் மெத்தென்ற பஞ்சு சத்தத்தை அமுக்கிவிடும். இரண்டாவது, பனிக்குட நீரும் ரத்தமும் பஞ்சுக்குள் இறங்கினால் ஒரே துவையலில் போகாது. மழை மாதங்களில் காயவே இரண்டு மூன்று நாள். மூன்றாவது, மேலிருந்து கை விட முடியாது. குட்டி மெல்லிய சவ்வு உறைக்குள் பிறக்கும்போது தாய் அதைக் கிழிக்காமல் விட்டால் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் நாம் கிழித்தாக வேண்டும். குகையின் வாய் வழியாகத் தாயைத் தாண்டிக் கையை நுழைக்கிற நேரம் அது இல்லை. குட்டிகளுக்கு ஒரு மாதம் ஆன பிறகு இதே படுக்கையைப் போடுங்கள், அருமையாக உதவும்.

கூடாரத்தில் நாலு பக்கமும் வலை, வெளிச்சம் உள்ளே வரும். தரை நைலான், வழுக்கும், சில்லென்றிருக்கும். குட்டிகள் ஓடியாடும் வயதில் அடைத்து வைக்க நல்ல பொருள், அதற்கு முன் வேண்டாம். கம்பிக் கூண்டு, நாயோ வேறு பூனைகளோ இருக்கும் வீட்டுக்கு மட்டும் தேவை. அப்போதும் அதற்குள் அட்டைப்பெட்டியை வைத்து, வெளியே பழைய போர்வை போட்டு மூடவேண்டும். கம்பி இடைவெளியில் பிறந்த குட்டியின் தலையே நுழையும் என்பதால் கூண்டை மட்டும் நம்பக்கூடாது. கேரியர் ஆஸ்பத்திரிக்குப் போக. மேல்பக்கமும் திறக்கிற மாதிரி வாங்குங்கள், வலியில் இருக்கும் பூனையை முன்வாசல் வழியாகத் திணிக்க முடியாது.

இனி அட்டைப்பெட்டி. ஏறக்குறைய 60 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் இருந்தால் போதும். தாய் காலை நீட்டிப் படுத்தால் இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம் வேண்டும். அதைவிடப் பெரிதானால் சூடு தங்காது. மெடிக்கல் ஷாப்பில் டயப்பர் வந்த பெட்டி கேட்டு வாங்குங்கள். இரட்டை அட்டை, உறுதியாக இருக்கும், சுத்தமாகவும் இருக்கும். பழ மண்டிப் பெட்டி வேண்டாம். ஈரம் பட்டிருக்கும், கரப்பான் முட்டையும் வரும்.

வெட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. வாசலை நீளப் பக்கத்தின் நடுவில் வெட்டாதீர்கள், ஒரு மூலையை ஒட்டி வெட்டுங்கள். அப்போதுதான் மறுபாதி இருட்டாகவும் காற்றடிக்காமலும் இருக்கும், பூனையும் அங்கேதான் படுக்கும். வாசலின் அகலம் 20 செ.மீ. தரையிலிருந்து 12, 13 செ.மீ. உயரத்துக்குப் படி விட வேண்டும். அதற்குக் கீழே போனால் கண் திறக்காத குட்டி, காம்பைக் கவ்வியபடியே தாயோடு இழுபட்டு வெளியே விழும். மேலே போனால் தொங்கும் வயிற்றோடு தாய் தாண்டத் தயங்கும். வெட்டிய அட்டை ஓரம் கத்திபோல் இருக்கும், தாண்டும்போதெல்லாம் காம்பில் உரசும். அகலமான செல்லோடேப்பை இரண்டாக மடித்து ஓரம் முழுக்க ஒட்டுங்கள். மேல்மூடியை ஒரு பக்கம் விட்டு மற்ற மூன்று பக்கம் அறுத்தால் கதவுபோல் திறந்து பார்க்கலாம். கடைசியாக, அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பல பெட்டிகளில் செம்பு நிறப் பின் அடித்திருப்பார்கள். ஒன்று விடாமல் பிடுங்கிவிட வேண்டும்.

உள்ளே விரிப்பது மூன்று அடுக்கு. அடியில் தெர்மாகோல் பலகை அல்லது இரண்டு விரல் கனத்துக்கு நியூஸ்பேப்பர், கிரானைட் தரையின் குளிரைத் தடுக்க. அதன் மேல் ஈரம் உறிஞ்சும் ஷீட். பெட் ஷாப்பில் விற்கும் பப்பி பேடும், மெடிக்கல் ஷாப்பில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு விற்கும் அண்டர்பேடும் வேலையில் ஒன்றுதான். விலையைப் பார்த்து 60-க்கு 90 செ.மீ. அளவில் ஒரு பாக்கெட் வாங்குங்கள். மேலே துணி கட்டாயம். இல்லாவிட்டால் பிரசவத்துக்கு முன் பூனை பறண்டுகிற பறண்டலில் ஷீட் கிழிந்து உள்ளிருக்கும் ஜெல் வெளியே வரும். அந்தத் துணி ஃப்ளீஸ் ஆகவோ, துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்தி வேட்டியாகவோ இருக்கலாம். டர்க்கி டவல் கூடவே கூடாது. அதன் நூல் வளையங்களை உற்றுப் பாருங்கள்: ஒவ்வொன்றும் ஒரு சுருக்கு. பிறந்த குட்டியால் நகத்தை உள்ளிழுக்க முடியாது. வளையத்தில் நகம் மாட்டினால் இழுக்கும், இழுக்க இழுக்க இறுகும். வேட்டியானாலும் கரைப் பக்கத்துப் பிரிநூலை வெட்டிவிடுங்கள். நாலு செட் தயாராக இருக்கட்டும்.

பூனை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏழு வீடு மாறும் என்று நம் வீடுகளில் சொல்வது உண்மைதான். ஆள் நடமாட்டம், வெளிச்சம், ஈரப் படுக்கை இவற்றால்தான் மாறுகிறது. எனவே ஒரே மாதிரி இரண்டு பெட்டி செய்து இரண்டு அறையில் வையுங்கள். இரண்டில் எது பிடிக்கிறதோ அதில் போடும். இடம் மாற நினைத்தால் மற்றதற்குப் போகும். பீரோவைப் பூட்டியே வையுங்கள். சேலைகளுக்கு நடுவே போடும் பாச்சை உருண்டை பூனைக்கு விஷம்.

இப்போது சூடு. பெங்களூர்க்காரர்கள் இதில்தான் ஏமாந்து போகிறார்கள், ஏனென்றால் யோசனை சொல்கிற அத்தையும் சித்தியும் சென்னையிலோ வேலூரிலோ இருக்கிறார்கள். பிறந்த குட்டிக்கு முதல் வாரம் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது, நடுங்கவும் வராது. படுக்கையில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வேண்டும். இங்கே டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் வெளியே 15, 16 டிகிரி. தாய் சாப்பிட எழுந்து போகும் கால் மணி நேரத்திலேயே குட்டி சில்லிட்டுவிடும். சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. முதலில் சூடு, பிறகுதான் பால்.

இதற்கு இடுப்பு வலிக்கான எலக்ட்ரிக் ஹீட்டிங் பேடை வாங்குகிறார்கள். குட்டியால் நகர்ந்து தப்ப முடியாது, தோல் வெந்துவிடும். நாங்கள் சொல்வது பழைய ரப்பர் வெந்நீர்ப் பை. கொதிக்காத வெந்நீர் முக்கால் பங்கு, இரண்டு சுற்றுத் துணி, பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும். சூடு அதிகமானால் குட்டிகள் ஊர்ந்து விலக மறுபாதி இருக்க வேண்டும். கரண்ட் போனாலும் கவலையில்லை. ஒரே குறை, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆறிய பையை உள்ளே விட்டால் அதுவே குட்டியின் சூட்டை உறிஞ்சும்.

தீனி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தயிர் சாதத்திலும் பால் சோற்றிலும் டாரின் என்ற சத்து போதாது. அது குறைந்தால் கரு கலையும், குட்டி செத்துப் பிறக்கும். குட்டிகளுக்கான தீனியையே தாய்க்கும் கொடுக்க வேண்டும். பாக்கெட்டின் பின்னால் வளர்ச்சிக்கும் சினைக்காலத்துக்கும் ஏற்றது என்றிருக்கிறதா, ஈரப்பதம் கழித்த கணக்கில் புரதம் 30 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ராயல் கேனின் மதர் அண்ட் பேபிகேட் விலை கூடுதல்தான். உருண்டை மிகச் சின்னது, அதனால் ஒரு மாதம் கழித்துக் குட்டிகளும் அதையே கடிக்கும் என்பது அதன் பலம். அது கட்டாயமில்லை, முழுச்சத்துள்ள எந்த கிட்டன் ஃபுட்டும் போதும். பழைய தீனியோடு கலந்து ஒரு வாரம், பத்து நாளில் மாற்றுங்கள். கடைசி வாரங்களில் கால் பங்கிலிருந்து அரைப்பங்கு வரை கூடுதலாகத் தேவைப்படும்; ஆனால் கருப்பை இரைப்பையை நெருக்குவதால் ஒரே வேளையில் தின்னாது, நாலைந்து வேளையாகப் பிரித்து வையுங்கள். பசும்பால் வயிற்றைக் கலக்கும். கால்சியம் சிரப் பலமாகும் என்று ஊற்றுவது பெரிய தவறு: சினையில் வெளியிலிருந்து கால்சியம் கொடுத்தால் எலும்பிலிருந்து எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடும். குட்டி போட்டுப் பால் சுரக்கும்போது ரத்தத்தில் கால்சியம் விழுந்து, விறைத்து வலிப்பு வரும்.

இரண்டு கருவிகள் வாங்கியே தீர வேண்டும். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு: குட்டி 90 முதல் 110 கிராம் இருக்கும், தினம் 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஏறாத நாள்தான் முதல் எச்சரிக்கை. கண்ணுக்குத் தெரியும் முன் தராசுக்குத் தெரிந்துவிடும். அடுத்தது, நுனி வளையும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். 61-ஆம் நாளிலிருந்து காலை, மாலை ஒரே நேரத்தில், நுனியில் வாஸ்லீன் தடவி ஆசனவாயில் ஒன்றரை, இரண்டு செ.மீ. வைத்துப் பாருங்கள். வழக்கமாக 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட். 100-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி தொடங்கும். எல்லாப் பூனைக்கும் இப்படி இறங்குவதில்லை. திமிறினால் விட்டுவிடுங்கள்.

பிரசவ கிட் என்று கட்டி விற்பது வேண்டாம். பொவிடோன் அயோடின், கொதிக்கவைத்த கத்தரி, வெள்ளை நூல், கையுறை, குழந்தைக்கு மூக்கில் சளி எடுக்கும் ரப்பர் பல்பு: எல்லாம் தெருமுனை மெடிக்கலிலேயே கிடைக்கும். பூனைக்குட்டிக்கான பால் பவுடர் மட்டும் எல்லாக் கடையிலும் இருக்காது, ஒரு டப்பா முன்கூட்டியே வாங்கிப் பிரிக்காமல் வையுங்கள். தரை துடைக்க டெட்டால், ஃபினாயில் இரண்டும் வேண்டாம். அவற்றில் உள்ள ஃபீனால் வகை ரசாயனங்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக முறிக்க முடியாது. சோப்பும் வெந்நீரும் போதும். பெர்மெத்ரின் கலந்த நாய் உண்ணி மருந்து பக்கத்திலேயே வரக்கூடாது. மலஜலத் தட்டில் போடும் கட்டியாகும் மணல் ஈரமான பின்பக்கத்திலும் காம்பிலும் அப்பிக்கொள்ளும். கடைசி வாரத்திலிருந்து கிழித்த பேப்பரோ மரத்தூள் குச்சியோ போடுங்கள்.

எக்ஸ்ரேயை நாங்கள் ஆடம்பரமாக நினைக்கவில்லை. 45-ஆம் நாளுக்கு முன் எலும்பு சரியாகத் தெரியாது. 55-க்கு மேல் எடுத்தால் மண்டை ஓடுகளை எண்ணிவிடலாம். நான்கு என்று தெரிந்தால், மூன்றோடு தாய் ஓய்ந்து படுத்தாலும் வேலை முடியவில்லை என்று தெரியும். ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ வீட்டருகே உள்ள டாக்டரோ, எங்கே எடுத்தாலும் அன்றே கேட்டுவிடுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் இருப்பார்களா, அப்போதே சிசேரியன் செய்வார்களா? இல்லையென்றால் செய்கிற இடத்தின் நம்பரை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பகல் டிராஃபிக்கில் உங்கள் வீட்டிலிருந்து அங்கே போக ஆகும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். பிரசவ வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் ஊசியை வீட்டில் யாரும் போட வேண்டாம். குட்டி குறுக்கே அடைத்திருந்தால் கருப்பை கிழியும்.

குட்டி வராமல் 20, 30 நிமிடம் தொடர்ந்து முக்கினால், முதல் குட்டிக்கு முன்பே பச்சையாகக் கசிந்தால், புது ரத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் போனால், ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு மணி நேரம் கடந்தால் உடனே டாக்டருக்கு ஃபோன். கேரியரில் ஷீட் விரித்து, எக்ஸ்ரேயும் வெந்நீர்ப் பையும் அதன் பக்கத்திலேயே 60-ஆம் நாளிலிருந்து கதவருகே இருக்கட்டும். பிறந்த குட்டிகளையும் கூடவே எடுத்துப் போக வேண்டியிருக்கும். அவற்றுக்குத் தனியாக ஒரு சின்ன அட்டைப்பெட்டி.