சேத்துப்பட்டு ஏரிப் பூங்கா: நடக்கப் போய்த் தூண்டில் பிடித்த கதை

எழும்பூரிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில், சேத்துப்பட்டு வந்ததும் ஒரு பக்கம் தண்ணீர் தெரியும். பல வருடம் அந்த ஏரியை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. 2016-ல் அதைப் பசுமைப் பூங்காவாக்கித் திறந்தார்கள். 2018-ல் இந்தப் பக்கம் வீடு மாறியதிலிருந்து வாரத்தில் மூன்று நாளாவது அங்கே போய்விடுகிறேன்.

ஏரி சுமார் 16 ஏக்கர், சுற்றிலும் நடைபாதை. காலையில் சீக்கிரம் போனால் நிம்மதி. ஒன்பது தாண்டினால் வெயில் மண்டையைப் பிளக்கும், இருட்டினால் கொசு பிடுங்கும். படகுச் சவாரி குழந்தைகளுக்குப் பிடிக்கும். எனக்குப் பெடல் மிதித்துக் கால் வலித்ததுதான் மிச்சம்.

என்னை அங்கே கட்டிப்போட்டது தூண்டில். கட்டணம் கட்டினால் கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்கலாம். முதல் நாள் மைதா உருண்டையைக் கோத்துப் போட்டேன். தண்ணீர் பட்டதும் கரைந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெரியவர் மாவை வாங்கி, துளி பஞ்சு சேர்த்துப் பிசைந்து, மிளகளவு உருட்டித் தந்தார். "தக்கை ஆடுனா இழுக்காதீங்க தம்பி. உள்ள போனாத்தான் இழுக்கணும்."

அவருக்கு மேற்கு மாம்பலம், லேக் வியூ ரோடு. "ரோடு இருக்கு, லேக்தான் இல்ல" என்று சிரித்தார். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரி அது. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி இருந்த இடத்தில்தான். இதே சேத்துப்பட்டில் ஸ்பர் டேங்க் ரோட்டுக்கும் பெயரில் மட்டும் ஏரி மிச்சம். வயல் இருந்தவரை ஏரிக்கு மதிப்பு. வயல் போனதும் ஏரியும் மனையாகிவிட்டது. சேத்துப்பட்டு ஏரி தப்பியதற்கு, மீன்வளத்துறையின் கையில் இருந்ததுதான் காரணம் என்பது என் ஊகம்.

அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் கழித்துத் தக்கை உள்ளே போனது. உள்ளங்கை அகல ஜிலேபிக் கெண்டை. தூண்டில் முள்ளை எடுக்கத் தெரியாமல் நான் விழிக்க, பெரியவரே கழற்றி ஏரியில் விட்டார். "இது குட்டி. அடுத்த வருசம் வந்து புடிங்க."