சிங்கிள்மோடா, மல்டிமோடா: தளங்களை இணைக்க எந்த ஒளியிழை?

வணிகக் கட்டடத்தில் கணினி வலையமைப்பின் ஸ்விட்சுகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். தளங்களை இணைக்கும் முதன்மைக் கேபிளோ பதினைந்து, இருபது ஆண்டுகள் குழாய்க்குள்ளேயே கிடக்கும். அதனால் இந்தத் தேர்வில் அவசரம் கூடாது.

மல்டிமோடு இழையின் உள்ளகம், அதாவது ஒளி பாயும் மையப்பகுதி, 50 மைக்ரான் அகலம். அதில் ஒளி பல பாதைகளில் பாய்ந்து, முன்னும் பின்னுமாக மறுமுனையை அடைகிறது. ஒளித்துடிப்புகள் ஒன்றோடொன்று கலங்கிவிடுவதால், வேகம் கூடக்கூடத் தூரம் சுருங்குகிறது. ஓஎம்4 என்ற மல்டிமோடு ரகத்தில் நொடிக்கு 10 கிகாபிட் வேகம் 400 மீட்டர் வரை செல்லும். 100 கிகாபிட் என்றால் நான்கு ஜோடி இழைகள் இருந்தும் 100 மீட்டரோடு சரி.

சிங்கிள்மோடின் உள்ளகம் ஏறத்தாழ 9 மைக்ரான். ஒளிக்கு ஒரே பாதை. ஓஎஸ்2 என்ற சிங்கிள்மோடு கேபிளில் அதே 100 கிகாபிட்டை ஒரே ஜோடி இழையில் 10 கிலோமீட்டர் அனுப்பலாம்.

கேபிளின் விலையில் சிங்கிள்மோடு பெரும்பாலும் மலிவு. அதற்கான லேசர் டிரான்ஸீவர்தான் (ஒளியை அனுப்பவும் பெறவும் ஸ்விட்சில் செருகும் கருவி) கூடுதல் விலை; அந்த இடைவெளியும் இப்போது குறைந்துவிட்டது. எனவே புதிய கட்டடத்துக்கு சிங்கிள்மோடையே போடச் சொல்வேன், தேவைக்கு இருமடங்கு இழைகளோடு.

ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்: 9 மைக்ரான் முனையை ஒரு தூசியே மறைத்துவிடும். ஒவ்வொரு முறை செருகும் முன்பும் நுண்ணோக்கியில் பார்த்துத் துடைப்பது கட்டாயம்.

ஏற்கெனவே நல்ல ஓஎம்4 ஓடுகிறது, தூரமும் குறைவு என்றால் அதைப் பிடுங்க வேண்டாம். இரண்டையும் ஒரே இணைப்பில் நேரடியாக ஒட்டவும் கூடாது.