பிஸ்டல் சின்னதானால் குறி ஏன் தவறுகிறது?

இடுப்பில் வைத்துக்கொள்ளும் பிஸ்டல் என்றதும் பலரும் முதலில் கேட்பது குழல் நீளத்தைத்தான். சில வருடங்களாக க்ளாக் 19, சிக் பி365 இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டு வருகிறேன். முதலாவதின் குழல் 102 மி.மீ., அடுத்தது 79 மி.மீ. அசையாத ஸ்டாண்டில் பூட்டிச் சுட்டால் இரண்டுமே என் கையைவிட நன்றாகக் குறி அடிக்கும். அதனால் குழலைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

குறிபார்க்க உதவும் முன், பின் சைட்களுக்கு நடுவே உள்ள இடைவெளி குறைவதும் ஓரளவு பாதிக்கும். இடைவெளி 150 மி.மீ. என்று வையுங்கள். முன் சைட் அரை மி.மீ. விலகினால், 25 மீட்டரில் குண்டு 8 செ.மீ.க்கு மேல் தள்ளிப் போகும். இடைவெளி 130 ஆனால் அது 9.6 செ.மீ. ஆகும். வித்தியாசம் அவ்வளவுதான்.

உண்மையான வில்லன் ட்ரிகர். ஒலிம்பிக் 25 மீட்டர் போட்டிப் பிஸ்டல் 1,400 கிராம் வரை எடை இருக்கலாம், அதன் ட்ரிகருக்கு ஒரு கிலோ விசை போதும். பி365 காலியாக இருக்கும்போது வெறும் அரை கிலோதான். அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, ட்ரிகரை இரண்டரை கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும்! விரலோடு சேர்ந்து மற்ற விரல்களும் இறுகும், முனை தாழும். வலக்கைக்காரருக்குக் குண்டுகள் கீழே இடப்பக்கமாகப் போய்க் குவிவது பெரும்பாலும் இதனால்தான். சைட்டைத் திருகிச் சரிசெய்யப் பார்ப்பது வீண். தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு வெறுமனே ட்ரிகர் இழுத்துப் பழகியதுதான் எனக்குக் கைகொடுத்தது.

அப்புறம் பிடி. பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி, அதாவது மேகசின், குட்டையாக இருந்தால் சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது. முதல் குண்டு சரியாகப் போகும். பின்னுதைப்பில் பிடி நழுவுவதால் அடுத்தடுத்தவை சிதறும். விரல் தாங்கும் நீள மேகசின் போட்டதும், வேகமாகச் சுடும்போது சிதறல் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது. சட்டைக்கு வெளியே கொஞ்சம் துருத்தும், பரவாயில்லை.

தோட்டாவும் மாறக்கூடாது. 147 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு மெதுவாகப் போவதால், துப்பாக்கி மேலெழும் நேரத்திலும் குழலுக்குள்ளேயே இருக்கும். அதனால் 115 கிரெய்னைவிடச் சற்று மேலே படும். மலிவானதில் பழகிவிட்டு வேறொன்றை நிரப்பிக்கொள்பவர்கள் அதையும் கொஞ்சம் சுட்டுப் பார்க்க வேண்டும்.

குறிபார்க்க ஒளிப்புள்ளி காட்டும் ரெட் டாட் சைட்? 25 மீட்டரில் அருமை. ஏழு மீட்டரில், உறையிலிருந்து எடுத்தவுடன் புள்ளியைத் தேடி நேரம் போகிறது. பெரிய பிஸ்டலில் மட்டும் வைத்திருக்கிறேன், சின்னதற்கு இரும்பு சைட்டே போதும்.