85 வெள்ளிக்கு ஒரு ஏ320: ஓட்டியது பாதி, நோண்டியது பாதி

மார்ச் மாதப் பிறந்தநாளுக்கு எனக்கு நானே வாங்கிக்கொண்ட பரிசு இது. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பார்க்கும் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் தனியாகக் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளும் ஏர்பஸ் ஏ320 விமானம், எல்லாம் சேர்த்து 85 சிங்கப்பூர் வெள்ளி கிட்ட வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிதான், ஆனாலும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியை மறக்காமல் பில்லில் போட்டிருந்தார்கள். கம்பெனியின் பேரை எழுதவில்லை. அவர்களிடம் என் புகார் ஒன்று இன்னும் கிடப்பில் இருக்கிறது, அது ஒரு வழிக்கு வரும்வரை பேரைப் போட்டுச் சண்டை இழுக்க மனமில்லை. இந்த மாதிரி கூடுதல் விமானம் எதை வாங்குவதாக இருந்தாலும் கீழே இருப்பதில் முக்கால்வாசி உங்களுக்கும் நடக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விமானி அறை அசத்தல். மேலே இருக்கும் பலகையில் ஒவ்வொரு சுவிட்சும் வேலை செய்கிறது, தேய்ந்துபோன இடத்தில் பெயின்ட் உரிந்திருப்பதுகூடத் தெரிகிறது. சத்தம் அதைவிட நன்றாக இருக்கிறது. முதல் ராத்திரி சாங்கி விமான நிலையத்தில் நிறுத்தி வைத்து ஒரு எஞ்சினைக் கிளப்பி, இரண்டாவதைக் கிளப்பும்போது அடிவயிற்றிலிருந்து 'வவ் வவ்' என்று நாய் குரைக்கிற மாதிரி ஒரு சத்தம். ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். மனைவி எழுந்து வந்து, பக்கத்து வீட்டில் எப்போது நாய் வாங்கினார்கள் என்று கேட்டார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பூனையையே 2024 செப்டம்பரில்தான் அனுமதித்தார்கள், நாய் என்றால் சின்ன ரகம் ஒன்றுதான், இது அல்சேஷன் அளவுக்குக் குரைக்கிறது.

நானும் சவுண்டு ஃபைல் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுநாள் என் அக்கா வீட்டுக்காரரிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். அத்தான் சாங்கியில் விமானப் பராமரிப்பில் இருக்கிறார், இருபது வருடம் ஆகிறது. ஏ320-ல் பச்சை, மஞ்சள் என்று எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளுக்கு நடுவில் ஒரு பம்பு இருக்கிறது, இரண்டுக்கும் அழுத்தத்தில் 500 பிஎஸ்ஐ-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அது ஓட ஆரம்பிக்கும், இரண்டாவது எஞ்சினைக் கிளப்பும்போது தன்னைத்தானே ஒருமுறை சோதித்துக்கொள்ளும், குரைப்பது அதுதான். "இது குரைக்கலன்னாதான் மாப்பிள்ளை நீ எனக்கு போன் பண்ணணும்" என்றார்.

இந்தச் சரக்கோடு எனக்கு இருக்கும் பெரிய தகராறே இங்கேதான். சிமுலேட்டரோடு சும்மா வரும் விமானத்தில் ஏதாவது ஏடாகூடமாக நடந்தால் அது பழுது, அவ்வளவுதான். இவ்வளவு ஆழமாகச் செய்த விமானத்தில் பழுது எது, நிஜ விமானமே அப்படித்தானா, இல்லை என் கம்ப்யூட்டரின் கோளாறா என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. கூட வந்த கையேடு இருநூறு பக்கத்துக்கு மேல். எந்த சுவிட்ச் என்ன செய்யும் என்று எல்லாம் இருக்கிறது, 'இது நடந்தால் பயப்படாதீர்கள், இது நடந்தால் எங்களுக்கு எழுதுங்கள்' என்று ஒரு பக்கம் இல்லை. அந்த ஒரு பக்கத்துக்காக நான் இன்னும் பத்து வெள்ளி கூடக் கொடுத்திருப்பேன்.

உதாரணத்துக்கு, இறங்க மறுத்தது. சாங்கியிலிருந்து கோலாலம்பூர் என் வழக்கமான சோதனைப் பாதை, 300 கிலோமீட்டர் கிட்டத்தான், ஏறி முடித்ததும் இறங்க ஆரம்பிக்கலாம், ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் பதினொன்றுக்குள் முடிந்துவிடும். இறங்கத் தொடங்கும் புள்ளி திரையில் தெரிகிறது, விமானம் அதைக் கடந்து அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. 'டிசலரேட்' என்று ஒரு செய்தி மட்டும் வந்து நிற்கிறது. நான் அதுவரை போயிங் 737 ஓட்டிப் பழகியவன், அதில் கீழே இருக்கும் உயரத்தை முன்கூட்டியே வைத்துவிட்டு விநேவ் (உயரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் தானியங்கி) போட்டிருந்தால் அதுவே நேரம் பார்த்து இறங்கும். ஏர்பஸ் அப்படி இல்லை, உயரத்தை வைத்த பிறகு அந்தக் குமிழை நாம் அழுத்த வேண்டும், அழுத்தும்வரை காத்துக்கொண்டிருக்கும். இது தெரியாமல் இரண்டு தடவை அழித்துத் திரும்ப நிறுவினேன், ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம்.

அதேபோல் ஒரு சாயங்காலம் ஜெனரேட்டர் பழுது என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. விமானி அறையில் இருக்கும் டேப்லெட்டில் 'தற்செயல் பழுதுகள்' என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதை நானே டிக் செய்திருக்கிறேன், எப்போது என்று சத்தியமாக ஞாபகம் இல்லை.

விமானம் எங்கே, எந்தத் திசையில் இருக்கிறது என்று கணக்கிடும் நிலைமக் கருவி, கிளம்புமுன் தன் இடத்தைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும் எனக்குத் தொல்லை தரவில்லை. அது பூமி சுழல்வதை வைத்து வடக்கு எது என்று கண்டுபிடிக்கிறது, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சுழற்சி அதற்கு நன்றாகத் தெரியும், துருவத்தை நோக்கிப் போகப் போக நேரம் கூடும். நாம் அதிலிருந்து 1.3 டிகிரியில் உட்கார்ந்திருக்கிறோம், அந்த வகையில் கொடுத்து வைத்தவர்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு டேப்லெட்டில் உடனடி என்று ஒரு தேர்வும் வைத்திருக்கிறார்கள்.

இனி என் தப்புகள். இரண்டு பெரியவை.

மலாக்கா பக்கம் போகும்போதெல்லாம் தானியங்கி விமானி தானாகக் கழன்றுகொண்டது. டிங் டிங் டிங் என்று எச்சரிக்கை, சிவப்பு விளக்கு, மூக்கு மெதுவாகச் சாய்கிறது. நான்கு ராத்திரி இது. மலாக்கா என்பதால் காற்றழுத்தமோ வானிலையோ என்று என்னவெல்லாமோ யோசித்தேன், காரணம் மேசையில் இருந்தது. ஆறு வருடப் பழைய ஜாய்ஸ்டிக், உள்ளே கார்பன் பட்டையில் உரசும் பழைய ரகம், தேய்ந்துபோய் யாரும் தொடாமலே சிக்னல் நடுங்கிக்கொண்டிருக்கிறது. நிஜ ஏ320-ல் தானியங்கி ஓடும்போது விமானியின் பக்கவாட்டுக் கைப்பிடி (சைட்ஸ்டிக்) நடுவில் பூட்டிக்கொள்ளும், பலமாகத் தள்ளினால்தான் கழலும். என் மேசையில் அப்படிப் பூட்டு எதுவும் கிடையாது, நடுக்கம் ஓர் அளவைத் தாண்டியதும் விமானி கைப்பிடியைப் பிடித்துவிட்டார் என்று விமானம் மரியாதையாகக் கழன்றுகொள்கிறது. சிமுலேட்டரின் உணர்திறன் பக்கத்தைத் திறந்து, கையைத் தூக்கிவிட்டுப் பார்த்தால் கோடு ஆடுவது கண்ணுக்கே தெரியும். நடுவில் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத டெட்ஸோனை 6 விழுக்காடு வைத்தேன், அப்புறம் ஒரு தடவையும் கழலவில்லை.

எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலிலும் அதே கதைதான். ஏறும்போது 'சிஎல்' என்ற பள்ளத்தில் லீவர் உட்கார வேண்டும், என்னுடையது ஒரு மயிரிழை தள்ளி நின்றதால் ஏறும்போதெல்லாம் 'எல்விஆர் சிஎல்பி', அதாவது லீவரை அந்தப் பள்ளத்தில் வை, என்று மின்னிக்கொண்டே இருந்தது. டேப்லெட்டில் ஒவ்வொரு பள்ளத்தையும் அளந்து பதிவு செய்யும் பக்கம் இருக்கிறது, ரொம்ப நன்றாகவும் செய்திருக்கிறார்கள், ஆனால் நிறுவி முடித்ததும் முதல் வேலையாக அதைச் செய் என்று எங்கேயும் சொல்லவில்லை.

இரண்டாவது தப்பு, திரைகள் எல்லாம் கறுப்பாக வந்தது. வாங்கி இரண்டாவது வாரம், பேட்டரி போட்டேன், வெளி மின்சாரம் கொடுத்தேன், விளக்கு எல்லாம் எரிகிறது, ஆறு திரையும் இருட்டு. அத்தான் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தார், கையில் காப்பியோடு பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஒரு நேரத்துல ஒன்னத்தான் மாத்தணும் மாப்பிள்ளை, நீ நாலு மாத்திட்டு எது சரி பண்ணுச்சுன்னு தெரியாம முழிக்கிற" என்றார். உண்மைதான். கூடுதல் பொதிகளைப் போட்டு வைக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரில் எண்ணிப் பார்த்தால் 61 பொதிகள், 2021-லிருந்து சேர்த்த குப்பை. மொத்தத்தையும் வெளியே நகர்த்தி, புது விமானத்தை மட்டும் வைத்துக் கிளப்பினால் திரைகள் பளிச்சென்று வந்துவிட்டன. அப்புறம் பாதி பாதியாக உள்ளே போட்டுப் பார்ப்பது, கறுப்பு வந்தால் அந்தப் பாதியை மறுபடி இரண்டாகப் பிரிப்பது. 61 பொதிக்கு ஆறு தடவை கிளப்பினால் போதும், ஒன்றொன்றாகப் பார்த்திருந்தால் விடிந்திருக்கும். மாட்டியது என்றைக்கோ போட்டு மறந்துபோன ஒரு பழைய கருவிப்பலகை மேம்பாடு. சிமுலேட்டரின் பொதுக் கருவிகளை அது தன் பழைய பதிப்பால் மூடி வைத்திருந்தது.

விமானத்துக்குச் சாயம் மாற்றும் லிவரி போட்டவர்களுக்கு ஒரு குறிப்பு. வெள்ளையாகவோ கறுப்பாகவோ வந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். விண்டோஸில் ஃபோல்டர் பெயர்கள் எல்லாம் சேர்த்து 260 எழுத்தைத் தாண்டினால் சிமுலேட்டரால் படத்தை எடுக்க முடியாமல் போகலாம், நான் 'புதிய விமானங்கள் சரிபார்த்தது இறுதி' மாதிரி ஆங்கிலத்தில் நீளமாகப் பேர் வைத்திருந்தேன், குட்டையாக மாற்றியதும் வந்துவிட்டது. இன்னொன்று, ஒவ்வொரு பொதியிலும் 'லேஅவுட்.ஜேசன்' என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் பேர் இல்லாத ஃபைலை சிமுலேட்டர் கண்டுகொள்ளாது. கையால் ஒரு படத்தைத் தூக்கிப் போட்டால் பட்டியலையும் புதுப்பிக்க வேண்டும்.

சிமுலேட்டருக்குப் பெரிய அப்டேட் வந்த மறுநாள் விமானம் லோட் ஆகவே பத்து நிமிடம் எடுத்தால் பதறாதீர்கள், அதன் நிரல்களை உங்கள் கம்ப்யூட்டருக்கு ஏற்ப மறுபடி மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்த தடவை சரியாகிவிடும்.

சரி, இப்போது அவர்கள் தப்பு. இதைக் கண்டுபிடிக்கத்தான் மற்றதெல்லாம் என் தப்பு என்று முதலில் தெரிய வேண்டியிருந்தது.

ஏப்ரலில் நம் ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்று தெரியும். சாங்கியில் ஓடுபாதையின் ஒரு முனைக்கு 02, எதிர் முனைக்கு 20 என்று எண். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் விமானங்கள் பெரும்பாலும் 02 பக்கம் இறங்கும், தென்மேற்குக் காலத்தில் 20 பக்கம், நடுவில் இந்த மாதங்களில் காற்று மந்தமாகி, மத்தியானம் இடி மழை வந்தால் திசை தலைகீழாகிவிடும். நிஜ வானிலையைப் போட்டுக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து திரும்பி வருகிறேன், 02-க்கு எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன், கட்டுப்பாட்டிலிருந்து 20 என்கிறார்கள். வருகைப் பாதையின் முதல் புள்ளியைத் தாண்டிய பிறகு ஓடுபாதையை மாற்றினால் விமானத்தின் பயணக் கம்ப்யூட்டர் உறைந்துவிடுகிறது. விமானி, துணை விமானி இரண்டு பக்கமும். எந்தப் பொத்தானும் எடுபடாது, விமானம் பழைய பாதையில் போய்க்கொண்டே இருக்கும். முதல் புள்ளிக்கு முன்னால் மாற்றினால் ஒன்றும் ஆகவில்லை. அத்தான் சொன்ன மாதிரி திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்த்தேன், காலி கம்யூனிட்டி ஃபோல்டரில், வானிலையை நிறுத்திவிட்டு, 28 நாளுக்கு ஒருமுறை மாறும் வழிகாட்டித் தரவின் புதுப் பதிப்பைப் போட்டு, எட்டுக்கு எட்டு தடவையும் உறைந்தது.

கம்பெனிக்கு எழுதினேன். ஆறு நாள் கழித்துப் பதில்: அழித்துவிட்டுத் திரும்ப நிறுவுங்கள், கம்யூனிட்டி ஃபோல்டரைக் காலி செய்யுங்கள், கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். இது மூன்றையும் செய்துவிட்டேன் என்று என் முதல் கடிதத்தின் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. பதிவுக் கோப்பையும் இரண்டு நிமிட வீடியோவையும் அனுப்பினேன். இன்னும் பதினொரு நாள். 'எங்களுக்குத் தெரிந்த சிக்கல்தான்' என்று ஒரு வரி, எப்போது சரியாகும் என்று இல்லை. தெரிந்த சிக்கல் என்றால் அதை விற்கும் பக்கத்தில் எழுதி வைப்பதற்கு என்ன? பணத்தைத் திருப்பிக் கேட்டேன், பதிவிறக்கம் செய்துவிட்டால் திருப்பித் தருவதில்லையாம்.

மதிப்பெண் கேட்டால் விமானத்துக்கு ஐந்துக்கு நாலு, கையேட்டுக்கு இரண்டு, உதவிச் சேவைக்கு ஒன்று, அந்த ஒன்றும் பதில் வந்ததே என்பதற்காக. முதல்முறையாக ஏர்பஸ் பழகுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம், ஃபிளைபைவயர் குழு செய்த ஏ32என்எக்ஸ் இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது, குமிழை அழுத்துவதா இழுப்பதா என்று அதிலேயே தாராளமாகப் பழகலாம். அதில் கை பழகி இன்னும் ஆழம் வேண்டும் என்கிறவர்கள், ராத்திரியில் பழுது பார்ப்பதையும் பொழுதுபோக்கில் சேர்த்துக்கொள்ளத் தயார் என்றால், தள்ளுபடி வரும்போது வாங்குங்கள். 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருந்தால் டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கிக்கொள்ளுங்கள், சாங்கிக்குத் தனியாக விமான நிலையப் பொதியும் போட்டிருந்தால் முனையத்துக்குப் பக்கத்தில் படம் தடுமாறும்.

நான் இன்னும் அதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் புள்ளிக்கு முன்னாலேயே காற்றைப் பார்த்து ஓடுபாதையை முடிவு செய்துவிடுகிறேன், போன சனிக்கிழமை இடி மழையில் தப்பாக ஊகித்து, பின்காற்றோடு 02-ல் இறங்கி, ஓடுபாதை 4,000 மீட்டர் இருந்ததால் தப்பித்தேன். அத்தானிடம் சொல்லவில்லை.